நமத்த தட்டையில் ஓடும் ரயில்: சோஷி நகருக்குப் போகும் வழி

ஜப்பானின் கிழக்குக் கரையிலுள்ள சோஷி நிலையத்தில் தோக்கியோ ரயிலிலிருந்து இறங்கியதும் கூட்டம் வெளிவாசல் பக்கம் போகும். அவர்களோடு போய்விடக் கூடாது. ரயில் முன்னோக்கி வந்துகொண்டிருந்த அதே திசையில் நடைமேடையின் கடைசிவரை நடந்தால், ஒரு சின்னக் கட்டடமும் அதன் பின்னால் இரண்டு பெட்டிகள் கொண்ட பழைய ரயிலும் தெரியும். அதுதான் சோஷி மின்ரயில். ஊர்க்காரர்கள் சுருக்கமாகச் 'சோதென்' என்பார்கள். அதற்கென்று தனி நிலையமோ தனி வாசலோ இங்கே கிடையாது. பெரிய வீட்டின் கொல்லையில் ஒண்டிக்குடித்தனம் இருப்பது போல நாடு முழுவதும் ரயில் ஓட்டும் ஜேஆரின் நடைமேடை வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பாதையின் மொத்த நீளம் 6.4 கிலோமீட்டர். பத்து நிலையங்கள். கடைசி நிலையமான தொகாவாவுக்குப் போய்ச் சேர இருபது நிமிடம். அதிகபட்ச வேகமே மணிக்கு 40 கிலோமீட்டர்தான்.

சோஷிக்குப் பொதுப்போக்குவரத்தில் எப்படிப் போவது என்று யாராவது கேட்டால் இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம். தோக்கியோவில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் ஜேஆர் கொண்டுபோய் விட்டுவிடும். ஆனால் மக்கள் பார்க்க வருகிற கலங்கரை விளக்கம், அதைச் சுற்றியுள்ள கடற்கரை, பழைய மீனவர் தெருக்கள் எதுவும் ஜேஆர் நிலையத்துக்குப் பக்கத்தில் இல்லை. எல்லாம் அந்தக் கடைசி ஆறு கிலோமீட்டரில் இருக்கின்றன. அந்தத் தூரத்துக்கு ரயில் ஓட்டுகிற நிறுவனமோ டிக்கெட் விற்றுப் பிழைக்கவில்லை. அரிசித் தட்டை விற்றுப் பிழைக்கிறது. இதை வேடிக்கைக் கதையாகப் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு இது பாதி வேடிக்கை, பாதி எச்சரிக்கை.

தோக்கியோவிலிருந்து

நேரடியாகப் போகும் விரைவு ரயிலின் பெயர் ஷியோசாய். அலையோசை என்று பொருள். தோக்கியோவிலிருந்து சோஷிக்கு 120 கிலோமீட்டர், ஏறத்தாழ ஒரு மணி ஐம்பது நிமிடம். 2024 மார்ச் முதல் இதில் எல்லாமே முன்பதிவு இருக்கைகள். முன்பெல்லாம் பதிவில்லாத பெட்டியில் ஏறி உட்கார்ந்துகொள்ளலாம், இப்போது அது இல்லை. இருக்கை எண் குறிக்காத டிக்கெட்டும் விற்கிறார்கள். காலியான இடத்தில் உட்காரலாம், அந்த இடத்துக்கு உரியவர் வந்தால் எழுந்துகொள்ள வேண்டும்.

ஒரு விஷயத்தை மட்டும் அனுபவத்திலிருந்து சொல்லிவிடுகிறேன். தோக்கியோ நிலையத்தில் இந்த ரயில் நிற்பது சோபு பாதையின் நிலத்தடி நடைமேடையில். ஷின்கான்சென் அதிவேக ரயிலின் வாசல் பக்கமிருந்து அங்கே போவது அடுத்த தெருவுக்கு நடப்பது போல. எஸ்கலேட்டருக்கு மேல் எஸ்கலேட்டராக இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் தடவை நான் ஐந்து நிமிடம் போதும் என்று நினைத்துப் போனேன். கீழே போய்ச் சேர்ந்தபோது வண்டியின் பின்விளக்கைத்தான் பார்த்தேன். கால்மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

காசு மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் சோபு வேகப் பாதையில் சிபாவரை போய், அங்கே எல்லா நிலையங்களிலும் நிற்கும் வண்டிக்கு மாறலாம். மொத்தம் இரண்டரை மூன்று மணி நேரமாகும். சக்குராவுக்கு அப்பால் ஒற்றைப் பாதை என்பதால் எதிர்வண்டிக்காக ஆங்காங்கே நின்று நின்று போகும். ஜன்னலில் வயலும் மூங்கில் புதரும்தான், கடல் கண்ணில் படவே படாது. கடலோரப் பயணம் என்று எதிர்பார்த்து ஏறியவர்களுக்கு ஏமாற்றம்தான். தோக்கியோ நிலையத்திலிருந்து சோஷிக்கும் கலங்கரை விளக்கம் நிற்கும் இனுபோசாக்கி முனைக்கும் நெடுஞ்சாலைப் பேருந்தும் உண்டு. அது ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். நரித்தா விமான நிலையத்தில் இறங்குபவர்கள் தோக்கியோவுக்குப் போகவே வேண்டாம். நரித்தா ஊர் நிலையத்துக்கு வந்து, சவாரா வழியாகப் போகும் நரித்தா பாதை வண்டியைப் பிடித்தால் அது நேரே சோஷியில் விட்டுவிடும். நாடு முழுவதும் செல்லும் ஜேஆர் பாஸ் 2023 அக்டோபரிலேயே ஏழு நாளுக்கு 50,000 யென் ஆகிவிட்டது. சோஷிக்காக மட்டும் அதை வாங்குவது கட்டுப்படியாகாது.

டிக்கெட்டுக்குப் பதில் வாசலில் தொட்டுப் போகும் சுயிக்கா பண அட்டையில் வருபவர்களுக்குக் கடைசியாக ஒரு சிக்கல். சோதென்னில் அந்த அட்டை செல்லாது. மாறுமிடத்தில் ஒரு சிறிய கருவி நிற்கும். அதில் அட்டையைத் தொட்டு ஜேஆர் கணக்கை முடித்துவிட்டுத்தான் ஏற வேண்டும். மறந்துவிட்டால் அட்டை 'இன்னும் ரயிலில்தான் இருக்கிறார்' என்று நினைத்துக்கொண்டிருக்கும், மாலையில் திரும்பும்போது வாசலில் மாட்டிக்கொள்வோம். சோதென் டிக்கெட்டை நடத்துநரே பெட்டிக்குள் வந்து கொடுப்பார். ஒருநாள் பாஸும் அவரிடமே கிடைக்கும். இரண்டு இடத்தில் இறங்கி ஏறுவதாக இருந்தால் பாஸே நல்லது.

ஆறு கொண்டுவந்த ஊர்

சோஷி ஏன் இங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் இந்த ரயில் ஏன் இருக்கிறது என்பது புரியும்.

தோக்கியோவின் பழைய பெயர் எதோ. தோனே ஆறு ஒரு காலத்தில் எதோ விரிகுடாவில், அதாவது இன்றைய தோக்கியோ விரிகுடாவில் கலந்துகொண்டிருந்தது. தொகுகாவா ஆட்சியில், 17-ஆம் நூற்றாண்டில், பல பத்தாண்டுகள் வேலை செய்து அதைக் கிழக்கே திருப்பினார்கள். 1654 வாக்கில் ஆறு சோஷி வழியாகப் பசிபிக்குக்குப் போகத் தொடங்கியது. வடகிழக்கிலிருந்து அரிசி ஏற்றிவரும் கப்பல்கள் போசோ தீபகற்பத்தைச் சுற்றும் ஆபத்தான கடல்வழியைத் தவிர்த்து, சோஷியில் நுழைந்து ஆற்றோடு மேலே போய் எதோவை அடைந்தன. ஆற்றுமுகத்துக்குக் காவல் நின்ற ஊர் செழித்தது.

அதே காலத்தில் மேற்கே வெகுதொலைவில் இருந்த கிஷூ பகுதி மீனவர்கள், இன்றைய வகயாமாக்காரர்கள், மத்தி மீனைத் துரத்திக்கொண்டு இங்கே வந்து குடியேறினார்கள். கடலில் குரோஷியோ வெந்நீரோட்டமும் ஒயாஷியோ குளிர்நீரோட்டமும் சந்திக்கும் இடம் இது. மீனுக்குப் பஞ்சமில்லை. வந்தவர்கள் வலையோடு இன்னொன்றையும் கொண்டுவந்தார்கள், அதுதான் சோயா சாஸ் காய்ச்சும் கலை. ஹிகேத்தா நிறுவனம் 1616-இலும் யமாசா நிறுவனம் 1645-இலும் தொடங்கியவை. இரண்டும் இன்றைக்கும் சோஷியில்தான் இருக்கின்றன. சோயாவும் கோதுமையும் பக்கத்து மாகாணங்களில் விளைந்தன, ஆற்றுப் படகில் வந்தன. கடல்காற்றின் ஈரம் பூஞ்சை வளர ஒத்துழைத்தது. காய்ச்சிய சாஸ் அதே ஆற்றில் எதோவுக்குப் போனது.

யமாசாவை நடத்திய ஹமாகுச்சி குடும்பத்தின் ஏழாவது தலைவர் ஹமாகுச்சி கோர்யோ. 1854-இல் நிலநடுக்கம் வந்தபோது அவர் கிஷூவிலுள்ள தன் சொந்த ஊரான ஹிரோவில் இருந்தார். கடல் ஊருக்குள் ஏறியபோது, இருட்டில் வழி தெரியாமல் தவித்தவர்களை மேட்டுக்குக் கொண்டுசேர்க்க வைக்கோற்போர்களுக்குத் தீ வைத்தார் என்பது ஜப்பானியப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த கதை. பிறகு தன் செலவில் கரையும் கட்டினார். 1946-இல் அடுத்த சுனாமி வந்தபோது அந்தக் கரை ஊரைக் காத்தது. நவம்பர் 5 உலகச் சுனாமி விழிப்புணர்வு நாளானது அந்த நிகழ்ச்சியின் நினைவாகத்தான். சுனாமி என்ற சொல்லை 2004-இல் வலியோடு கற்றுக்கொண்ட நமக்கு, அந்த நாளுக்குப் பின்னால் ஒரு சோயா சாஸ் வியாபாரி இருப்பது தெரிந்திருக்க நியாயமில்லை.

1897-இல் ரயில் வந்தது. ஆற்றுப் படகுகள் மெல்ல ஓய்ந்தன. நிலையத்திலிருந்து கலங்கரை விளக்கம்வரை உல்லாசப் பயணிகளை ஏற்றிப்போக 1913-இல் ஒரு சின்ன ரயில்பாதை போட்டார்கள். எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. முதல் உலகப்போரில் இரும்பு விலை ஏறியதும், ஓட்டுவதைவிட விற்பது லாபம் என்று 1917-இல் தண்டவாளத்தைப் பெயர்த்து விற்றுவிட்டார்கள். ஊர்க்காரர்கள் விடவில்லை. 1923-இல் அதே தடத்தில் மறுபடி ரயில் ஓடியது, 1925-இல் மின்சாரம் வந்தது. இப்போதுள்ள நிறுவனம் 1948-இல் உருவானது. பயணிகளை மட்டும் நம்பி இந்தப் பாதை பிழைக்காது என்பது 1917-லேயே தெரிந்துவிட்டது.

2006

தட்டைக் கதைக்கு முன்னால் ஒரு மீன் கதை. 1976-இல் இந்த நிறுவனம் கன்னோன் நிலையத்தில் தாய்யாக்கி விற்கத் தொடங்கியது. மீன் வடிவ அச்சில் மாவு ஊற்றி, உள்ளே சிவப்புப் பயற்றுப் பூரணம் வைத்துச் சுடுவது. அப்போதே டிக்கெட் வருமானம் போதவில்லை என்பதால்தான். 1995-இல் அடுத்ததாக நுரே செம்பெய்.

செம்பெய் என்பது அரிசியில் செய்த தட்டை. நம் தட்டை போல எண்ணெயில் பொரிப்பதில்லை, தணலில் சுடுவார்கள். சுட்ட சூட்டோடு சோயா சாஸில் முக்கி எடுத்தால் மொறுமொறுப்பு போய்த் தோல்போல வளையும். நுரே என்றால் ஈரமான. தமிழில் சொன்னால் நமத்த தட்டை. நம் வீட்டில் டப்பா மூடி சரியாக இல்லையென்றால் திட்டு வாங்கித் தரும் அதே விஷயத்தை இவர்கள் வேண்டுமென்றே செய்து விற்கிறார்கள். சோஷியில் ஒரு கடை ஏற்கெனவே போட்டுவந்த பண்டம்தான் இது. ரயில் நிறுவனம் யமாசா சாஸில் முக்கித் தானும் இறங்கியது. நன்றாகவே விற்றது. சில ஆண்டுகளில் டிக்கெட்டைவிடத் தட்டையில் அதிகம் வந்தது.

அப்புறம்தான் அடி விழுந்தது. அப்போதைய தலைவர் நிறுவனத்தின் பெயரில் கடன் வாங்கி அந்தப் பணத்தைக் கையாடியது வெளிவந்தது. அவர் கைதானார். அரசு மானியம் நின்றது. 2005-இல் மேற்கு ஜப்பானில் நடந்த பெரிய ரயில் விபத்துக்குப் பிறகு கண்காணிப்பு கெடுபிடியாகியிருந்தது. பாதையைச் சரிசெய்யச் சொல்லி மேலிருந்து உத்தரவு. பெட்டிகளுக்குச் சட்டப்படி செய்ய வேண்டிய ஆய்வு நெருங்கிக்கொண்டிருந்தது, அதற்குப் பணமில்லை. ஆய்வு செய்யாத பெட்டியை ஓட்ட முடியாது. ஓட்டப் பெட்டி இல்லையென்றால் கதை முடிந்தது.

2006 நவம்பரில் நிறுவனத்தின் இணையதளத்தில் ஒரு வேண்டுகோள் வந்தது. நுரே செம்பெய் வாங்குங்கள், ரயிலைப் பழுதுபார்க்கும் பணத்தை நாங்கள் சம்பாதித்தாக வேண்டும் என்பது அதன் சாரம். மானமுள்ள ஒரு ரயில் நிறுவனம் இப்படி எழுதுமா என்று யாரோ ஒருவர் சிரிக்க, அது கைமாறிக் கைமாறி நாடெங்கும் பரவியது. ஆர்டர்கள் குவிந்தன. தட்டை சுடுபவர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. பெட்டிகள் ஆய்வுக்குப் போயின, ரயில் நிற்கவில்லை.

பிறர் சொல்லும்போது கதை பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும். நல்ல முடிவுதான். ஆனால் ஊர் இதற்குப் பிறகும் இருந்தது, கணக்குப் புத்தகமும் இருந்தது.

தட்டையால் சரிசெய்ய முடியாதது

2011 மார்ச் நிலநடுக்க, சுனாமிப் பேரிடருக்குப் பிறகு இந்தக் கரைக்குச் சுற்றுலாப் பயணிகள் வருவது குறைந்தது. ஷியோசாய் நிற்கும் ஈயோக்கா நிலையம் இருக்கிற அசாஹி நகரின் கரையில் சுனாமி உயிர்களையும் வாங்கியது. ஆள் வராவிட்டால் தட்டையும் விற்காது. சொந்தக் காலில் நிற்க முடியவில்லை என்று 2013-இல் நிறுவனம் வெளிப்படையாக ஒத்துக்கொண்டு பொதுத்துறை உதவி கேட்டது. 2014 ஜனவரியில் கசகாமி குரோஹாயே நிலையத்துக்கு அருகே ஒரு ரயில் தடம்புரண்டது. பழுதுபார்க்கப் பணமில்லாமல் பெட்டி நின்றபோது, சோஷி வணிக உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் இணையத்தில் பொதுமக்களிடம் நிதி திரட்டி அதை மீட்டார்கள். பிள்ளைகளைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் தாங்கள் பள்ளிக்குப் போகும் ரயிலுக்கு மாணவர்களே உண்டியல் குலுக்க வேண்டி வந்தது எனக்கு நெருடலாகவே இருக்கிறது.

இதற்கிடையில் நிறுவனம் தன் ஏழ்மையையே விற்பனைப் பொருளாக்கிக்கொண்டது. 2015-இல் நிலையங்களுக்குப் பெயர் வைக்கும் உரிமையை விற்றது. கசகாமி குரோஹாயேயை வாங்கிய தலைமுடிப் பராமரிப்பு நிறுவனம் அதைக் காமினோகே குரோஹாயே ஆக்கியது. ஜப்பானிய மொழியில் 'தலைமுடி கறுப்பாக முளைக்கட்டும்' என்பது போல ஒலிக்கும். அந்த நிலையப் பலகைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள வழுக்கைத் தலையர்கள் வருகிறார்கள். கோடையில் ரயிலுக்குள்ளேயே பேய்வீடு நடத்தினார்கள். 2018-இல் 'மசுய் போ' என்ற சோளக் குச்சித் தின்பண்டம் வந்தது. ஜப்பானில் பிள்ளைகள் தின்னும் பிரபலமான 'உமாய் போ'வின் பெயருக்கு 'ருசிக் குச்சி' என்று பொருள். மசுய் என்றால் ருசியில்லை, நிலைமை மோசம் என்று இரண்டு பொருளும் உண்டு. ருசி மோசமில்லை, எங்கள் நிலைமைதான் மோசம் என்பது நகைச்சுவை. தண்டவாளத்துச் சரளைக் கல்லை டப்பாவில் அடைத்தும் விற்றார்கள். கல்லையும் விற்பவனிடம் என்ன மிச்சம் இருக்கும்!

வேலை செய்ததா என்றால், செய்தது. பெருந்தொற்றுக் காலத்தில் ரயில் காலியாக ஓடியபோதும் இணைய விற்பனை தாங்கிப்பிடித்தது. 2022 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு லாபம் காட்டினார்கள். வருமானத்தின் பெரும்பகுதி ரயிலுக்கு வெளியிலிருந்து வருகிறது. இதைப் படித்தவுடன் எனக்குத் தோன்றிய கேள்வி: தட்டை வாங்குபவர் ரயிலில் ஏறவே வேண்டியதில்லையே? ஒசாக்காவில் உட்கார்ந்து ஆர்டர் செய்கிறவர் ரயிலை வாழவைக்கிறார், ஆனால் அவர் பயணி அல்லர். பயணி அஷிகாஜிமாவிலிருந்து சோஷியிலுள்ள மருத்துவரிடம் போகும் கிழவி. அவர் எண்ணிக்கையில் குறைந்துகொண்டே வருகிறார். 1960-களில் 90,000 பேர் இருந்த ஊரில் 2020 கணக்கெடுப்பில் 58,431 பேர். பெட்டிகளும் எங்கேயோ ஓடித் தேய்ந்தவைதான். 2024-இல் புதிதாக ஓடத் தொடங்கியது ஒசாக்காப் பக்கத்து நான்காய் நிறுவனம் ஓய்வு கொடுத்த வண்டி.

நகராட்சி ஏன் இன்னும் தாராளமாகக் கொடுக்கவில்லை என்று கேட்பது எளிது. அந்த நகராட்சி 2008-இல் பணமும் மருத்துவர்களும் இல்லாமல் தன் மருத்துவமனையையே சில காலம் மூடிய நகராட்சி. எல்லோருக்கும் தெரிந்த ஏழை வீட்டில் யாரிடம் போய்க் கடன் கேட்பது? 2011 முதல் பத்தாண்டுகளுக்கும் மேலாக மீன் இறக்கும் அளவில் நாட்டிலேயே முதலிடம் சோஷித் துறைமுகத்திடம்தான் இருந்தது. இருந்தும் அந்த மீன் லாரியில் போகிறது, ரயிலில் ஏறுவதில்லை. கடலில் காற்றாலைகள் வந்தால் ஊருக்கு வரி வரும் என்ற நம்பிக்கை ஒன்று இருந்தது. 2021-இல் அந்தத் திட்டத்தை ஏலத்தில் எடுத்த மித்சுபிஷி குழு, செலவு கட்டவில்லை என்று 2025 ஆகஸ்டில் விலகிக்கொண்டது.

ஒப்பிட ஒரு பாதையைச் சொல்கிறேன். இதே கரையில் வடக்கே, இபராக்கி மாகாணத்தில், ஹிதாச்சிநாக்கா கடலோர ரயில்பாதை. 14.3 கிலோமீட்டர். அதையும் மூடுவதாகத்தான் இருந்தது. 2008-இல் நகராட்சியும் பழைய நிறுவனமும் சேர்ந்து புதிய நிறுவனம் தொடங்கி அதை எடுத்துக்கொண்டன. அங்கேயும் வேடிக்கைகள் உண்டு. ஆனால் முக்கியமான காரியம் வேறு. பாதையோரப் பள்ளிகளை ஒன்றாக இணைத்துப் புதிய பள்ளி கட்டியபோது, அதன் வாசலிலேயே 2021 மார்ச்சில் மினோஹாமா காக்குஎன் என்று ஒரு நிலையம் திறந்தார்கள். பிள்ளைகள் தினமும் ரயிலில் வருகிறார்கள். பள்ளி எங்கே வர வேண்டும் என்பதையும் ரயில் எங்கே நிற்க வேண்டும் என்பதையும் ஒரே மேசையில் பேசி முடிவெடுத்ததன் பலன் அது. தோத்தோரியில் வக்காசா ரயில்வேக்கு 2009-இல் வேறு வழி கண்டார்கள். தண்டவாளத்தை உள்ளூராட்சிகள் சாலையைப் போலத் தங்கள் சொத்தாக வைத்துக்கொள்ளும், நிறுவனம் வண்டியை மட்டும் ஓட்டும். யாரும் சாலையைத் தட்டை விற்றுப் பராமரிப்பதில்லை.

சோஷியில் குறை தட்டையிலோ நகைச்சுவையிலோ இல்லை. அவை வாங்கிக் கொடுத்தது கால அவகாசம். அந்த அவகாசத்தில் ரயிலை ஊரின் அன்றாடத்தோடு இன்னும் இறுக்கமாகக் கட்டியிருக்கலாம் என்பதுதான் என் குறை.

இருபது நிமிடம்

சரி, ரயிலில் ஏறலாம். பகலில் மணிக்கு ஒன்றோ இரண்டோ வண்டிகள்தான், ஆகவே திரும்பும் நேரத்தை ஏறும்போதே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

கதவு மூடி இரண்டு நிமிடத்தில் நகானோச்சோ. ஜன்னல் திறந்திருந்தால் நிலையம் வருவதை மூக்கே சொல்லிவிடும், ஏனென்றால் யமாசா தொழிற்சாலை பாதையை ஒட்டியே இருக்கிறது. வண்டிப் பட்டறையும் இங்கேதான். ஒரு குட்டிக் கறுப்பு மின் இன்ஜின் நிற்கிறது, 1922-இல் ஜெர்மனியில் ஏஇஜி நிறுவனம் செய்தது. ஒரு காலத்தில் சாஸ் தொழிற்சாலைச் சரக்குப் பெட்டிகளை இழுத்தது. யானைக்குட்டி அளவு என்று சொன்னால் கொஞ்சம் மிகை, ஆனால் பார்த்தால் அப்படித்தான் தோன்றும்.

கன்னோனுக்குப் பிறகு மரங்கள் இருபுறமும் பெட்டியை உரசும். கிளை ஜன்னலில் அடிக்கும் சத்தம் கேட்கும். அப்புறம் வீட்டுக் கொல்லைகள், அதற்கப்புறம் முட்டைக்கோஸ் வயல்கள். கடல்காற்றில் இந்த ஊரில் உறைபனி குறைவு, அதனால் வசந்த முட்டைக்கோஸ் இங்கே பெயர்பெற்றது. அஷிகாஜிமா என்றால் கடற்சிங்கத் தீவு. கன்தோ சமவெளியில் கிழக்குக் கடைசி ரயில் நிலையம் இதுதான். கடற்சிங்கங்கள் இப்போது பெயரில் மட்டும்.

பெரும்பாலோர் இறங்குவது இனுபோவில். இனு என்றால் நாய், போ என்றால் குரைப்பு. யோஷித்சுனே என்ற வீரன் கைவிட்டுப் போன நாய் ஏழு நாள் குரைத்துக் கல்லானது என்று கதை. நிலையக் கட்டடம் போர்த்துகீசிய பாணியில் ஓடு பதித்த வெள்ளைக் கட்டடம், ஊருக்கு ஒட்டாமல் நிற்கிறது. உள்ளே தட்டைக் கடை. நாமே தணலில் சுட்டுச் சாஸில் முக்கிக்கொள்ளவும் விடுகிறார்கள்.

கலங்கரை விளக்கத்துக்குப் பத்து நிமிட நடை. ஸ்காட்லாந்துப் பொறியாளர் ரிச்சர்ட் பிரன்டன் திட்டமிட்டது, 1874 நவம்பர் 15-இல் முதன்முதலாக எரிந்தது. உயரம் 31 மீட்டர். ஜப்பானிலேயே சுட்ட செங்கல்லால் கட்டியது. உள்ளூர்ச் செங்கல் தாங்குமா என்று பிரன்டன் சந்தேகப்பட்டாராம். சந்தேகத்தில் சுவரை இரட்டையாக எழுப்பிவிட்டார்கள், 150 ஆண்டாக நிற்கிறது. உள்ளே 99 படிகள். தெற்கே நீளும் குஜூகுரி கடற்கரையின் பெயரிலும் 99 இருப்பது நினைவுக்கு வரும். கடைசிப் படிகளில் தலையைக் குனிந்துகொள்ளுங்கள். மேலே காற்று தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விடும். மலை உச்சிகளையும் தொலைதூரத் தீவுகளையும் விட்டுவிட்டால், ஜப்பானில் புத்தாண்டுச் சூரியன் முதலில் தெரியும் இடம் இது. மணி 6:46. அன்று இரவு முழுவதும் சோதென் ஓடும், ஆண்டு முழுவதும் காணாத கூட்டம் அன்று காணும்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. மீன் சாப்பிடுபவர்களுக்கு மத்தியும் கானாங்கெளுத்தியும் இங்கே கிடைக்கும் பதத்தில் தோக்கியோவில் கிடைக்காது. சைவர்கள் கவனம். வெறும் நூடுல்ஸ் என்று கேட்டாலும் சாறு மீனில்தான் இருக்கும். நுரே செம்பெய் அரிசியும் சோயா சாஸும் என்பதால் பசிக்குக் கைகொடுக்கும், ஆனாலும் உறையின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

தொகாவா கடைசி நிலையம். 1923-இல் கட்டிய மரக் கட்டடம் இன்றும் அப்படியே நிற்கிறது. டிக்கெட் கூண்டின் மரம் கைபட்டுக் கைபட்டு வழுவழுவென்றிருக்கிறது. வெளியே வந்தால் தெருக்கள் நேராகத் துறைமுகத்தை நோக்கிச் சரிகின்றன. 17-ஆம் நூற்றாண்டில் கிஷூவிலிருந்து வந்தவர்கள் திட்டமிட்டுப் போட்ட தெருக்கள் இவை. எந்தத் தெருவில் நின்று கீழே பார்த்தாலும் முடிவில் ஒரு துண்டுக் கடல் தெரியும். நான் பார்த்ததில் சோஷியின் நல்ல இடம் இதுதான், கலங்கரை விளக்கம்கூட இதற்கு அடுத்ததுதான். ஆனால் கடை கண்ணி குறைவு. நான் போன மதியம் தெருவில் ஒரு பூனையும் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவரும்தான்.

மேற்கே பியோபுகௌரா செங்குத்துப் பாறை பத்து கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது, உயரம் ஐம்பது மீட்டர் வரை. அலை அரித்து அரித்து உண்டாக்கிய சுவர். அடிவாரத்தில் கான்கிரீட் தடுப்புகள் போட்ட பிறகு அரிப்பு பெரிதும் குறைந்தது. அதனாலேயே பாறைமுகத்தில் புல் முளைத்து, பழைய பளிச்சென்ற அடுக்குகள் சில இடங்களில் மறைகின்றன. தொகாவாவிலிருந்து அங்கே நடந்து போகலாம் என்றாலும் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. ரயில் எட்டாத தூரம். கார் இல்லாத பயணிக்கு இந்த ஊர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும் இடம் இது ஒன்றுதான்.

திரும்பும்போது நடத்துநர் வண்டியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து போனார். போகிற வழியில் என்னோடு ஏறிய இரண்டு பள்ளிப் பிள்ளைகளிடம் ஏதோ கேட்டார், அவர்கள் சிரித்தார்கள். மற்ற ஐந்தாறு பேர் கையிலும் தட்டைப் பை. என் கையிலும்தான். சிவப்பு உறை அழுத்தமான சாஸ், நீல உறை மிதமானது, பச்சை உறை இனிப்பு. நான் பச்சையைத்தான் திரும்ப வாங்குவேன். ஷியோசாயில் உட்கார்ந்து பிரிப்பதாக இருந்தால் ஈரத்துணி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், சாஸ் விரலில் ஒட்டும்.